துன்பம் மனிதனை வளர்க்கிறதா?

நேயர்களே, துன்பம் மனிதனைப் புடம்போடும் என்பது நாம் சிறுவயது முதல் கேட்டுவரும் வாசகம். சென்ற வாரத்து உரையைக் கேட்ட அன்பர் ஒருவர், "துன்பம் எல்லோரையுமா உயர்த்துகிறது? உடைந்துபோனவர்களைப் பற்றி ஏன் ஒருவரும் பேசுவதில்லை?" என்று கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. வீட்டையும் பிள்ளைகளையும் இழந்தவர்கள் நிறைந்த இந்நாட்டில் இருந்துகொண்டு, துன்பத்தின் பெருமையைப் பாடுவதற்கு ஒருவருக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டும். ஆகவே பொதுப்படப் பேசாமல், ரஷ்ய நாவலாசிரியர் டொஸ்டோயெவ்ஸ்கியின் வாழ்க்கையை உங்களுடன் சேர்ந்து சற்று உற்றுநோக்க எண்ணுகிறேன்.

1821இல் மொஸ்கோவில் பிறந்த அவர், 1846இல் வெளிவந்த முதல் நாவலோடேயே புகழ் பெற்றார். 1849 ஏப்ரிலில் கைதானார். பெத்ராஷெவ்ஸ்கி என்பவரது வீட்டில் கூடிய சிந்தனையாளர் குழுவிற் சேர்ந்தமையும், தடைசெய்யப்பட்டிருந்த ஒரு கடிதத்தை அங்கு வாசித்தமையுமே குற்றம். எட்டு மாதம் கோட்டைச் சிறை. பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி டிசெம்பர் 22ஆம் திகதி, பீற்றர்ஸ்பேர்க்கில் ஒரு சதுக்கத்துக்குக் கொண்டுசென்று மரணதண்டனைத் தீர்ப்பை வாசித்தார்கள். முதல் மூவரைக் கம்பங்களிற் கட்டினார்கள். அடுத்த மூவரில் டொஸ்டோயெவ்ஸ்கி ஒருவர். துப்பாக்கிகள் குறிவைத்த பின்னரே, மன்னர் உயிர்ப்பிச்சை அளித்தார் என்ற அறிவிப்பு வந்தது. எல்லாம் முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட்ட நாடகம்!

கம்பத்திற் கட்டப்பட்டிருந்த கிரிகோரியெவ் என்பவரின் சித்தம் கலங்கிப்போயிற்று. டொஸ்டோயெவ்ஸ்கியோ அன்றே தம் அண்ணன் மிகாயிலுக்கு, தாம் மனந்தளரவில்லை என்று நீண்ட கடிதம் எழுதினார். ஒரே சதுக்கம், ஒரே குளிர், ஒரே தீர்ப்பு. ஒருவர் உடைந்தார், மற்றவர் எழுதினார். இதில் முன்னவரைப் பலவீனர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த மனம் எவ்வளவு தாங்கும் என்பதை எவர் அளந்து வைத்திருக்கிறார்?

பின்னர் சைபீரியாவின் ஒம்ஸ்க் நகரில் நான்கு வருடக் கடூழியச் சிறை. கால்களிற் சுமார் பத்து இறாத்தல் விலங்கு. எழுதத் தடை. வழியில், நாடுகடத்தப்பட்டவர்களின் மனைவிமார் கொடுத்த புதிய ஏற்பாடு ஒன்றே அவரிடம் இருந்த நூல். சிறையின் பெருங்கொடுமை எதுவென்று அவர் கருதினார் தெரியுமா? ஒரு நிமிடமேனும் தனித்திருக்க முடியாமை. இந்த அனுபவத்திலிருந்து பிறந்த 'மரண வீட்டின் குறிப்புகள்' நூலில் இதனை எழுதியிருக்கிறார். ஒரு மனிதனை முற்றாக நசுக்க வேண்டுமானால், ஒரு தொட்டித் தண்ணீரை மற்றொன்றில் ஊற்றி மீண்டும் பழைய தொட்டிக்கே ஊற்றுவது போன்ற பயனற்ற வேலையைக் கொடுத்தாற் போதும் என்ற அவதானிப்பும் அங்கேதான் வருகிறது.

நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. குடியானவர்களின் விடுதலையைப் பற்றி மேசையைச் சுற்றியிருந்து வாதிட்டவர் அவர். அந்தக் குடியானவர்களோ சிறையில் அவரை வெறுத்தார்கள். 'கனவான்' என்று ஏளனம் செய்தார்கள். விடுதலையானதும் 1854இல் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கசப்பை மறைக்காமற் சொல்கிறார். அதே கடிதத்தில், அந்தக் கொள்ளையர் நடுவிலேயே ஆழமும் வலிமையும் வாய்ந்த மனிதர்களைக் கண்டதாகவும் சொல்கிறார். எப்படிக் கண்டார்? இராணுவ வைத்தியசாலையில் நோயாளியாகக் கிடந்த நாட்களில், வைத்தியரின் தயவினால் இரகசியமாக ஒரு கொப்பி வைத்திருந்தார். தம் துயரத்தை அதில் அவர் கொட்டவில்லை. கைதிகள் பேசிய சொற்றொடர்கள், பழமொழிகள், வசவுகள், பாட்டுத் துண்டுகள் என்று சுமார் 500 குறிப்புகள் அதில் உண்டு. தன்னை வெறுத்தவர்களின் பேச்சுக்குக் காதுகொடுத்து, அதைச் சொல் சொல்லாகக் குறித்துவைத்த மனிதர் அவர். அவரது வளர்ச்சி என்று ஒன்று இருந்தால் அது இந்தக் கொப்பியில்தான் தொடங்கியது என்பேன்.

அதன் விளைவை நூலிற் காணலாம். தாகெஸ்தான் இளைஞன் அலேய், கதைசொல்லியிடம் புதிய ஏற்பாட்டைக் கொண்டே ரஷ்ய எழுத்துப் படிக்கும் பகுதியை வாசித்துப் பாருங்கள். நத்தார் நாளையொட்டிக் கைதிகள் நாடகம் போடும் அத்தியாயம் இன்னொன்று. டொஸ்டோயெவ்ஸ்கியுடன் பலவற்றில் உடன்படாத டோல்ஸ்டோய் கூட, நவீன இலக்கியத்தில் இதனிலும் சிறந்த நூலைத் தாம் அறியவில்லை என்று 1880இல் ஒரு நண்பருக்கு எழுதினார்.

சிறை அவரைப் புனிதராக்கிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்னாளில் சூதாட்ட மேசையில் மனைவியின் நகைகளையும் தோற்றார். 1871இலேதான் அதை விட்டார். போலந்துக்காரர் மீதும் யூதர் மீதும் அவர் காட்டிய காழ்ப்பு, கைதிகளை அத்தனை கனிவோடு பார்த்த கண்களுக்குப் பொருந்தாதது. துன்பம் ஒரு சாளரத்தைத் திறந்துவிட்டதென்றால் வீடு முழுவதும் வெளிச்சமாகிவிட்டது என்று பொருளல்ல.

1864இல் முதல் மனைவியும் அண்ணனும் மூன்று மாத இடைவெளியில் இறந்தார்கள். அண்ணனின் கடன் இவர் தலையில் விழுந்தது. அந்தக் கடன்காரக் கதைகளை இன்னொரு வாரம் பேசலாம். 1878 மே மாதம் நடந்ததை மட்டும் சொல்கிறேன். இரண்டாம் மனைவி அன்னாவுக்குப் பிறந்த மகன் அலெக்சேய் வலிப்பு நோயில் இறந்துபோனான். தந்தைக்கிருந்த அதே நோய். அடுத்த மாதம் ஒப்தினா மடத்துக்குச் சென்று, அங்கிருந்த அம்புரோஸ் என்ற முதிய துறவியைச் சந்தித்தார். பின்னர் எழுதிய 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில், பிள்ளையைப் பறிகொடுத்த ஓர் ஏழைத் தாய் சோசிமா என்ற துறவியிடம் வருகிறாள். குழந்தை இறைவனிடம் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று துறவி முதலிற் சொல்கிறார். அவள் கணவனும் அதைத்தான் சொன்னானாம். அவள் அழுகை நிற்கவில்லை. உடனே துறவி தம் பேச்சை மாற்றுகிறார். ஆறுதலைத் தேடாதே, அழு என்கிறார். அம்புரோஸ் துறவி தமக்குச் சொல்லியனுப்பிய வார்த்தைகளே இவை என்று அன்னா தம் நினைவுக் குறிப்புகளிற் கூறுகிறார்.

அந்தத் தாயின் பிள்ளைக்கு மூன்று வயது நிறைய மூன்று மாதம் குறைவு. டொஸ்டோயெவ்ஸ்கியின் மகனுக்கும் அதே வயதுதான். பிள்ளையின் பெயரென்ன என்று துறவி கேட்கிறார். அலெக்சேய் என்கிறாள்.