உடம்புக்குள் ஒரு மெயின் பைப்

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு ரத்தக்குழாயைப் பற்றி என்ன தெரியும் என்று சிரிக்க வேண்டாம். போன வருஷம் கல் இருக்கிறதா என்று பார்க்க அப்பாவுக்கு வயிற்றில் ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டில் 'அயோர்ட்டா 4.2 செ.மீ.' என்று இருந்தது. வீட்டில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். "என்னடா போட்டிருக்கு?" என்றார் அப்பா. எனக்கும் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததைத்தான் எழுதுகிறேன்.

அயோர்ட்டா என்றால் பெருந்தமனி. இதயத்தின் இடது கீழறையில் கிளம்பி, மேலே போய், குடைக் கைப்பிடி போல வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. தலை, கை, குடல், சிறுநீரகம் என்று வழியெல்லாம் கிளை விட்டு, தொப்புள் பக்கத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது.

வெறும் பைப் என்று நினைத்தால் தப்பு. ஹைட்ராலிக்ஸ் லேபில் ரெசிப்ரோகேட்டிங் பம்ப்போடு ஏர் வெசல் பார்த்திருப்பீர்களே? பம்ப் விட்டுவிட்டுத் தள்ளினாலும் தண்ணீர் சீராக வருவது அதனால்தான். பெருந்தமனிக்கும் அதே வேலை. இதயம் ஒரு துடிப்புக்கு சுமார் 70 மி.லி. தள்ளும்போது விரிந்து கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வால்வு மூடியதும் சுருங்கி அதை முன்னால் அனுப்பும். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் 1733-லேயே இதைத் தீயணைப்பு இயந்திரத்தின் காற்றறையோடு ஒப்பிட்டு எழுதிவிட்டார்!

சுவர் மூன்று அடுக்கு. நடு அடுக்கில்தான் எலாஸ்டின் என்ற ரப்பர் மாதிரி இழைகள். வயசு, பீடி, ரத்தக் கொதிப்பு எல்லாம் சேர்ந்து அதைக் கெடுத்தால் குழாய் உப்பும். வயிற்றுப் பகுதியில் சுமார் 2 செ.மீ. இருக்க வேண்டியது அப்பாவுக்கு 4.2. தின் சிலிண்டர் கணக்கு ஞாபகம் இருக்கா? அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, சுவர்த் தடிமனின் இரண்டு மடங்கால் வகுப்போம். விட்டம் இரண்டு மடங்கானால் ஹூப் ஸ்ட்ரெஸ்ஸும் இரண்டு மடங்கு. சுவர் மெலிந்தால் இன்னும் கூடும். உப்பின இடமே மேலும் உப்புவது இதனால்தான். பரீட்சைக்குப் படித்தபோது அந்த ஃபார்முலா என்னைப் பயமுறுத்தவில்லை.

ஐன்ஸ்டீனுக்கும் இதே வியாதிதான். 1948-ல் உப்பிய இடத்தைச் செலோஃபேன் தாளால் சுற்றி ஆபரேஷன் செய்தார்கள். 1955 ஏப்ரலில் அது வெடித்தது. இன்னொரு ஆபரேஷன் வேண்டாமென்று மறுத்து, இறந்துபோனார். இப்போது தொடை வழியாகவே உள்ளே உறைக்குழாய் பொருத்துகிறார்கள். ஆண்களுக்குப் பொதுவாக 5.5 செ.மீ. ஆனால், அல்லது வேகமாக வளர்ந்தால்தான் அந்த யோசனை.

அப்பாவுக்கு 62 வயசு. நான் கடைக்குட்டி. பீடியை விட்டுவிட்டார், மாத்திரை சாப்பிடுகிறார். இத்தனையும் விளக்கிச் சொன்னேன். "டயர் வெடிப்பு வழியா டியூப் பிதுங்குற மாதிரியாடா?" என்றார்.

"அப்படித்தாம்ப்பா."

அடுத்த ஸ்கேன் பங்குனியில்.