திரும்பி வராத மகனும் ஒரு மருமகளும்

திருகோணமலையில் வயதானவர்களிடம் யப்பான் என்றால் குண்டுதான் நினைவுக்கு வரும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கி எரிந்த கதையைக் கேட்டே நானும் வளர்ந்தேன். அந்தத் தாக்குதலுக்கு 11 வருடங்களின் பின் அதே யப்பானில் எடுக்கப்பட்ட ஒரு படத்தை அண்மையில் பெரியம்மாவுடன் இருந்து பார்த்தேன். யசுஜிரோ ஓசு இயக்கிய ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953).

பெரியம்மாவின் மகன் 2007இல் வேலைக்குப் போனவர். இன்னும் வீடு வரவில்லை. அவருடைய மனைவி, எங்கள் அண்ணி, பெரியம்மாவுடன் அதே வீட்டில்தான் இருக்கிறார்.

படத்தின் கதை சிறியது. ஒனோமிச்சி என்ற துறைமுக ஊரில் வாழும் வயோதிபத் தம்பதி, டோக்கியோவிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். மூத்த மகன் டொக்டர். மகள் சிகையலங்கார நிலையம் நடத்துகிறார். இருவருக்கும் நேரமில்லை. வேலையை விட்டுவிட்டு வந்து அவர்களுக்கு நகரத்தைச் சுற்றிக்காட்டுவது நொரிக்கோ மட்டுமே. போரிலிருந்து திரும்பாத இரண்டாவது மகனின் மனைவி அவர். ஊர் திரும்பிய சில நாட்களில் தாய் இறந்துபோகிறார்.

பிள்ளைகள் கெட்டவர்களில்லை. வாழ்க்கை அவர்களைத் தூரமாக்கிவிட்டது. ஓசு எவரையும் குற்றம் சாட்டுவதில்லை. அவருடைய கமரா பாயில் இருப்பவரின் கண் மட்டத்தில் அசையாமல் நிற்கிறது. நாமும் அந்த வீட்டில் ஒருவராக இருந்து பார்க்கிறோம். தாயின் உயிர் பிரியும் கணத்தைக்கூட அவர் காட்டவில்லை. சுற்றியிருப்பவர்களின் முகங்களே சொல்லிவிடுகின்றன.

போரும் அப்படித்தான். 1937 முதல் 1939 வரை சீனாவில் படைவீரராக இருந்தவர் ஓசு. ஆனாலும் படத்தில் ஒரு வெடிச்சத்தம்கூட இல்லை. நொரிக்கோவின் அறையிலுள்ள கணவரின் புகைப்படம் மட்டுமே இருக்கிறது. குறையும் உண்டு. மதுக்கடையில் இருக்கும் முதியவர்கள் தங்கள் பிள்ளைகளின் இழப்பைப் பேசுகிறார்கள். யப்பானியப் படையால் மற்றவர்கள் இழந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

படத்தின் உயிர் கடைசிப் பகுதியில் இருக்கிறது. மகனை மறந்து வேறு திருமணம் செய்துகொள் என்று மாமனார் சொல்கிறார். தான் அவ்வளவு நல்லவளில்லை, கணவரை நினைக்காத நாட்களும் உண்டு என்று நொரிக்கோ ஒப்புக்கொள்கிறார். மாமனார் கோபிக்கவில்லை. இறந்த மனைவியின் கடிகாரத்தை அவரிடம் கொடுக்கிறார்.

இந்த இடத்தில் பெரியம்மா சொன்னார்: “அவையளுக்கு அவன் செத்துப்போனான் எண்டு தெரியும். நான் என்னத்தைச் சொல்லி இவளைப் போ எண்டு சொல்லுறது?”

அதுதான் வித்தியாசம். 2016இல் இங்கே சட்டம் திருத்தப்பட்டு, இறந்ததாகச் சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழுக்கு வழி வந்தது. சான்றிதழ் பதிலாகாது என்பதால்தான் 2017 முதல் தாய்மார் வடக்கிலும் கிழக்கிலும் வீதியில் இருக்கிறார்கள். பதில் சொல்லவேண்டிய அரசு மறக்கச் சொன்னால், அது இன்னொரு அநீதி. அன்பு வைத்தவர்கள் “உன் வாழ்க்கையைப் பார்” என்று சொல்வது வேறு. தேடுவதை நிறுத்தாமலே அதைச் சொல்லலாம். காத்திருக்கும் பெண் ஒருநாள் சிரித்தால், நினைக்க மறந்தால், அது துரோகமில்லை.

அண்ணி அடுக்களையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும், எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் பெரியம்மா அந்தக் கடைசிப் பகுதியை மறுபடி போடச் சொன்னார். இம்முறை அண்ணியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.