மரகதமும் விஷக்கல்லும்

விஷத்தை முறிக்கும் கல் ஒன்று உண்டு என்று பெரியோர் சொல்ல நீங்களும் கேட்டிருப்பீர்கள். இந்நம்பிக்கை மிகப் பழமையானது. காட்டாடுகளின் இரைப்பையில் திரளும் ஒருவகைக் கல்லைப் பாரசீகர் 'பாத்ஸஹ்ர்' என்றனர். விஷத்தினின்று காப்பது என்பது இதன் பொருள். அரபு மருத்துவ நூல்களின் வாயிலாக இக்கல்லின் புகழ் ஐரோப்பாவிற்கும் பரவிற்று. அங்குள்ள மன்னர்கள் இதனைப் பொன்னில் பதித்துப் போற்றினர்.

மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் குருடாகும் என்பது மற்றொரு நம்பிக்கை. பேரறிஞர் அல்பிரூனி (973-1048) இதனைச் சோதித்துப் பார்க்க விரும்பினார். பாம்பின் கழுத்தில் மரகத மாலையை அணிவித்தார். அதன் கூடையில் மரகதங்களைப் பரப்பினார். கண்ணெதிரே தொங்கவிட்டும் பார்த்தார். வெயிலிலும் குளிரிலுமாக ஒன்பது மாதங்கள் சென்றன. பாம்பின் பார்வை மங்கவே இல்லை! கண்டதைக் கண்டபடியே தமது இரத்தின நூலில் எழுதி வைத்தார்.

பிரான்ஸில் ஒன்பதாம் சார்லஸ் மன்னர் (ஆட்சி 1560-1574) தம்மிடமிருந்த பாத்ஸஹ்ர் கல்லைப் பெருமையாக எண்ணியிருந்தார். எல்லா விஷத்தையும் முறிக்கும் கல் எதுவுமில்லை என்றார் மருத்துவர் ஆம்ப்ருவாஸ் பாரே. வெள்ளித் தட்டுகளைத் திருடித் தூக்குத் தண்டனை பெற்ற சமையற்காரன் ஒருவனுக்கு விஷத்தையும், பின்னர் அக்கல்லையும் கொடுத்தனர். ஏறத்தாழ ஏழு மணி நேரம் துடிதுடித்து அவன் மாண்டான். ஓர் ஏழையின் உயிரே சோதனைப் பொருளாயிற்று என்பது நெஞ்சை உறுத்துகிறது.

நம் ஊர்களிலோ பாம்புக் கடிக்குக் கருநிற விஷக்கல்லை ஒட்டுவோர் இன்றும் உளர். "கல்லினால் பிழைத்தாரே!" என்று சிலர் சான்றும் கூறுவர். சிந்தித்துப் பாருங்கள். பாம்புகளுள் பெரும்பாலானவை மனிதருக்கு ஆபத்தான விஷமற்றவை. விஷப்பாம்பும் சில வேளைகளில் விஷத்தைச் செலுத்தாமலே கடிப்பதுண்டு. அவ்வாறு தாமே பிழைத்தவர்களால் கல்லுக்குப் பெயர் கிடைக்கிறது. மெய்யாகவே விஷம் ஏறியவருக்கோ, கல் விழும் வரை காத்திருக்கும் நேரமே எமனாகிறது.

ஆகவே, வீட்டில் எவரையேனும் பாம்பு தீண்டினால் அவரை நடக்கவிடாதீர்கள். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்திருங்கள். கீறவோ, இறுகக் கட்டவோ வேண்டாம். விஷமுறிவு ஊசி உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். அல்பிரூனி ஒன்பது மாதங்கள் பொறுமையாகச் சோதித்தார். பாம்பு தீண்டிய வீட்டிற்கோ ஒரு மணி நேரமும் பெரிது.