தடய விஞ்ஞானம் படிக்க விரும்புவோருக்கு

தடய விஞ்ஞானம் என்றவுடன், நீண்ட அங்கியும் கையில் பூதக் கண்ணாடியுமாக நிற்கும் துப்பறியும் நிபுணரே நம்மில் பலருக்கு ஞாபகம் வருகிறார். பி.எஸ்ஸி. தேறிய வாலிபர்களும் யுவதிகளும் இந்தத் துறையில் எம்.எஸ்ஸி. படிக்க ஆவலோடு விண்ணப்பம் போடுகிறார்கள். பெற்றோர்களோ, "போலீஸ் உத்தியோகமா? பிணத்தோடு வேலையா?" என்று தயங்குகிறார்கள். இரு சாராருக்கும் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே: இது பொறுமையை வேண்டும் விஞ்ஞான வேலை, சாகஸத்துக்கு இதில் இடம் சொற்பம்.

இத்துறை நமது நாட்டுக்குப் புதிதன்று. மரணத்துக்குக் காரணமான விஷத்தைக் கண்டறிவதற்காக 1849-லேயே சென்னையில் ரசாயனப் பரிசோதனைச் சாலை ஏற்பட்டது. 1897-ல் கல்கத்தாவில் கைரேகைக் காரியாலயம் தோன்றியது. குவிந்து கிடக்கும் ரேகைச் சீட்டுக்களில் வேண்டியதை எப்படித் தேடி எடுப்பது? அதற்கு வழி வகுத்தவர்கள் அஜிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரண்டு இந்தியர்கள். சீட்டுக்களை 1,024 அறைகளில் பிரித்து வைக்க ஹக் ஒரு கணக்கு முறை கண்டார். முறைக்குக் கிடைத்த பெயர் என்னவோ மேலதிகாரி ஹென்றி துரையினுடையதுதான்! ஆனால் ஹக்குக்குக் கைகொடுத்தது கல்லூரியில் கற்ற கணிதம் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஆகையால், விண்ணப்பிக்கிறவர் தமது அடிப்படைப் பாடத்தையே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். ரசாயனம் கற்றவருக்கு விஷமும் போதைப் பொருளும். உயிரியல் கற்றவருக்கு ரத்தமும் டி.என்.ஏ.யும், பௌதிகம் கற்றவருக்குத் துப்பாக்கியும் குண்டும், கம்ப்யூட்டர் கற்றவருக்கு அழிக்கப்பட்ட கணக்குகள். குஜராத்தில் காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2020-ஆம் வருஷத்துப் பார்லிமெண்டுச் சட்டத்தினால் அமைந்தது. அங்கே சேர நுழைவுப் பரீக்ஷை உண்டு. வேறு கலாசாலைகளும் இப்படிப்பை நடத்துகின்றன. எங்கே சேர்ந்தாலும், விளம்பரத்தைப் பார்த்து மயங்காமல், சொந்தப் பரிசோதனைச் சாலை உண்டா, மாணவர் தம் கையாலேயே சோதனை செய்யக் கிடைக்குமா, சர்க்கார் ஆய்வகத்தில் பயிற்சி உண்டா என்று விசாரிக்க வேண்டும். சர்க்கார் ஆய்வக வேலைகளுக்கு எந்தப் பட்டத்தைக் கேட்கிறார்கள் என்பதையும், பணம் கட்டுவதற்கு முன்பே, பழைய அறிவிப்புக்களைப் புரட்டித் தெரிந்து கொள்வது நலம்.

ஆட்களுக்குத் தேவை பெருகத்தான் போகிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்ற விசாரணைச் சட்டம், ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை பெறக்கூடிய குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கே போகவேண்டும் என்கிறது. இந்த ஏற்பாட்டைச் செய்து முடிக்க மாநிலங்களுக்கு ஐந்து வருஷம் வரை அவகாசம் தந்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. விண்ணப்பத் தாளில் அது இராது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாணவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஊரெல்லாம் ஒருவனைக் குற்றவாளி என்கிறது. போலீஸாரும் அப்படியே நம்புகிறார்கள். சோதனைக் குழாய் மட்டும் 'இல்லை' என்கிறது. அப்போது 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திடும் துணிவு நமக்கு உண்டா? உண்டு என்று சொல்லும் பிள்ளையை, பெண்ணானாலும் ஆணானாலும், பெற்றோர்கள் தடுக்கலாகாது. அந்தக் கையெழுத்தை நம்பி ஒரு குடும்பம் கோர்ட்டு வாசலில் காத்து நிற்கும்.