மாடு மேய்த்தவருக்கு மாத வருமானம் எவ்வளவு?

2024 நவம்பர் 27. திருப்போரூரை அடுத்த பண்டிதமேட்டில் மாடு மேய்க்க வந்த ஐந்து பெண்கள் ஓ.எம்.ஆர். சாலையோரம் உட்கார்ந்திருந்தார்கள். வேகமாக வந்த கார் ஒன்று தறிகெட்டு அவர்கள் மேல் ஏறியது. ஐந்து பேரும் இறந்துபோனார்கள்.

இப்படி ஒரு சாவு விழுந்ததும் ஊரில் எழும் பேச்சு ஒன்று உண்டு: "பெரிய கார், நஷ்டஈடும் பெருசா வரும்." காரின் விலைக்கும் இழப்பீட்டுக்கும் தொடர்பே இல்லை. மோதியது இரண்டு லட்ச ரூபாய் பழைய காரா, இரண்டு கோடி ரூபாய் சொகுசுக் காரா என்று இழப்பீட்டை முடிவுசெய்யும் தீர்ப்பாயம் பார்ப்பதில்லை. இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் எத்தனை பேர் என்றுதான் பார்க்கும்.

உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்த சூத்திரத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வயது 45, சொந்தத் தொழில், மாதம் 12,000 ரூபாய், நம்பியிருப்பவர்கள் மூவர். ஆண்டுக்கு 1,44,000. எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் சேர்த்தால் 1,80,000. சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 1,20,000. அந்த வயதுக்கான பெருக்கெண் 14. ஆக 16.8 லட்சம், ஈமச் செலவு போன்றவை தனி. அதே ஆள் மாதம் 18,000 சம்பாதித்ததாக நிரூபித்தால் தொகை 25.2 லட்சம். எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட இந்த வித்தியாசம் ஒரு பழைய பால் சொசைட்டி பாஸ்புக்கில் இருக்கலாம். மாட்டுக் கடன் ரசீது, நூறு நாள் வேலை அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். "வீட்டுலதான் இருந்தாங்க" என்றும் சொல்லிவிடாதீர்கள். இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மனுவைச் செங்கல்பட்டிலுள்ள தீர்ப்பாயத்தில் போடலாம். குடும்பம் வேறு ஊரில் இருந்தால் அங்கேயும் போடலாம். சட்டத்தில் உள்ள கெடு ஆறு மாதம். கிரிமினல் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் கெடு போய்விடும். முதல்வர் நிவாரண நிதி வந்தாலும் அது வேறு, இது வேறு. யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் தரும் பிரிவு ஒன்றும் உண்டு. அவசரப்பட்டு அதை வாங்கிக்கொண்டால் பெரிய தொகைக்கான மனு காலாவதியாகிவிடும். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. அதற்குத் தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை, அதனால் இன்சூரன்ஸ் தராது என்று யாராவது பயமுறுத்தலாம். பெரும்பாலும், முதலில் குடும்பத்துக்குக் கொடு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்றுதான் கம்பெனிக்கு உத்தரவு வரும். உயிரிழப்புக்கு மூன்றாம் நபர் காப்பீட்டில் உச்சவரம்பும் கிடையாது.

உச்சவரம்பு இருப்பது பொருள் சேதத்துக்கு. சனி, ஞாயிறுகளில் மாமல்லபுரம் பக்கம் போகும் பைக்காரர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. தவறு உங்கள் மீது என்றாகிவிட்டால், பைக்கின் மூன்றாம் நபர் பாலிசி மற்றவர் பொருளுக்குத் தருவது 1 லட்சம் வரைதான். கார் பாலிசி என்றால் 7.5 லட்சம். முகப்பு விளக்கு ஒன்றே லட்சத்தைத் தாண்டும் கார்கள் ஈ.சி.ஆரில் ஓடுகின்றன. மிச்சம் உங்கள் கைக்காசு. பிரீமியம் குறைகிறதே என்று இந்த வரம்பை 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொண்டவர்களும் உண்டு, பாவம்.

ஒருநாள் ஆசைக்கு வெள்ளை நம்பர் பலகைச் சொகுசுக் காரை வாடகைக்கு எடுப்பவர்கள், பாலிசியில் "வாடகைக்கு அல்ல" என்றிருப்பதைப் படிப்பதில்லை. கார் நொறுங்கினால் கம்பெனி கைவிரிக்க அது போதும். உங்கள் சொந்தக் காருக்கான கோரிக்கையைக் காரணமில்லாமல் நிராகரித்தால், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம்.

இன்னொன்று. பிணவறை வாசலிலேயே வக்காலத்துத் தாளோடு புரோக்கர் வந்து நிற்பார். ஆறுதலாகப் பேசுவார், டீ வாங்கித் தருவார். டீயைக் குடியுங்கள். கையெழுத்தை, காரியம் முடிந்த பிறகு, படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்களே தேடிப் போன வக்கீலிடம் போடுங்கள்.