சிபில் கார்த்திகேசு: நம்ம காலண்டரில் இல்லாத ஒரு முகம்

சிவகாசிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நேதாஜி முகம் காலண்டரிலேயே பழக்கம். டீக்கடை, சலூன் எங்கே போனாலும் ராணுவ உடையில் நிற்பார். அவருக்குத் துணை நின்றது ஜப்பான். அதனால் ஜப்பான்காரன் நம்ம ஆளுன்னுதான் சின்ன வயசில் நானும் நினைத்திருந்தேன்.

சில வருஷம் முன்னால் பழைய மலாயாவைப் பற்றித் தேடும்போது ‘கதிகாசு’ என்று ஒரு பெயர் கண்ணில் பட்டது. ஜப்பான் பெயர் மாதிரி இருக்கேன்னு உள்ளே போய்ப் பார்த்தால், அட, நம்ம கார்த்திகேசு!

சிபில், 1899-இல் சுமத்ராவின் மேடானில் பிறந்த யூரேசியப் பெண். நர்ஸ், மருத்துவச்சி. 1919-இல் தைப்பிங்கைச் சேர்ந்த இலங்கைத் தமிழ் டாக்டர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். இருவரும் ஈப்போவில் கிளினிக் நடத்தினார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் படை வந்ததும் பக்கத்தில் பப்பான் என்ற சின்ன ஊருக்கு இடம் மாறினார்கள்.

சுற்றியிருந்த காடுகளில் மலாயா மக்கள் ஜப்பான் எதிர்ப்புப் படை இயங்கியது. கம்யூனிஸ்ட் தலைமை, பெரும்பாலும் சீனர்கள். காயம்பட்டு ராத்திரியில் வந்த போராளிகளுக்கு சிபில் ரகசியமாக வைத்தியம் பார்த்தார். கேண்டனீஸ் நன்றாகப் பேசுவார் என்பது ரொம்ப உதவியது. வீட்டில் ரேடியோவை ஒளித்துவைத்து பிபிசி செய்தி கேட்டுப் பரப்பினார். பிடிபட்டால் உயிர் போகும் குற்றம் அது.

1943-இல் பிடிபட்டார். கெம்பெய்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸ் அடித்த அடியில் முதுகெலும்பு சேதமானது. அவருடைய சின்ன மகளை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினார்கள். அப்போதும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

அதே 1943-இல்தான் நேதாஜி சிங்கப்பூரில் தலைமை ஏற்றார். தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் ஐஎன்ஏ-வில் சேர்ந்தார்கள். அதே வருஷம் அதே தோட்டங்களிலிருந்து ஜப்பான் கொண்டுபோன தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதையில் செத்துக்கொண்டிருந்தார்கள். இது மூன்றும் நம்ம சரித்திரம்தான். நாம் ஒன்றை மட்டும் பிரேம் போட்டு மாட்டிக்கொண்டோம்.

அவரை ஏன் மறந்தோம்? எனக்குத் தோன்றுவது இது. ஜப்பானை எதிர்த்தவர் என்றாலே நமக்கு வெள்ளைக்காரன் பக்கம். பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் மெடல் கொடுத்தது. ஆனால் சித்திரவதைக் காயங்கள் ஆறாமல் 1948 ஜூனில் அவர் பிரிட்டனில் இறந்தார். அதே மாதம் மலாயாவில் அவசரநிலை வந்தது. அவர் மருந்து போட்ட போராளிகளில் பலர் அரசுக்கு எதிரிகளானார்கள். அப்புறம் அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்ல எந்தத் தரப்புக்கும் தோதுப்படவில்லை.

நேதாஜி படத்தைக் கழற்றச் சொல்லவில்லை. உங்க வீட்டில் மலாயா போய்வந்த தாத்தா, பாட்டி ‘ஜப்பான்காரன் காலம்’ என்று ஏதாவது சொல்லியிருந்தால், மறந்து போவதற்குள் எழுதி வையுங்கள்.