பொருநைக் கரைச் சபைகள் – 17: பதினெட்டாம் அதிகாரத்தை வாசிப்பது யார்?

போன வாரம் சட்டாம்பிள்ளையைப் பிரகாசபுரத்தில் விட்டுவிட்டு வந்தோம். நாசரேத்து மிஷனரியோடு மோதிக்கொண்டு வெளியேறி, 1857-ல் இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கியவர். சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆக்கினார். யூதப் பண்டிகைகளையும் லேவியராகமத்தின் தீட்டு, சுத்திகரிப்பு முறைகளையும் கைக்கொண்டார். வேதம் முழுவதும் தேவ வசனம் என்றால், உங்கள் ஊர்ப் பழக்கத்துக்கு ஒத்துவராததை மட்டும் எப்படித் தள்ளிவைத்தீர்கள் என்பதுதான் துரைமாரிடம் அவர் போட்ட சண்டையின் சாரம்.

அந்தக் கேள்விக்கு ஆங்கிலிக்கன் சபையிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. சபையின் 39 கோட்பாடுகளில் ஏழாவது அதைச் சொல்கிறது. மோசேயின் சடங்குச் சட்டங்கள் கிறிஸ்தவனைக் கட்டுப்படுத்தாது, ஒழுக்கக் கட்டளைகள் கட்டுப்படுத்தும். கேட்க நேர்த்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் எது சடங்கு, எது ஒழுக்கம் என்று வசனத்துக்கு வசனம் அடையாளம் போட்டு வைத்திருக்கவில்லை. அந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்பதில்தான், தன்பாலீர்ப்பைப் பற்றி இன்று உலகச் சபைகள் பிளந்துகொள்ளும் அளவுக்கு நடக்கிற வாக்குவாதத்தின் பாதி இருக்கிறது.

லேவியராகமம் 18-ஆம் அதிகாரம் யார் யாரோடு கூடக் கூடாது என்று பட்டியல் போடுகிறது. 22-ஆம் வசனம் ஆணோடு ஆண் சேர்வதை அருவருப்பு என்கிறது. 20-ஆம் அதிகாரம் அதற்கு மரண தண்டனை விதிக்கிறது. கன்வென்ஷன் மேடைகளில் இந்த வசனத்தின் எண் எல்லோருக்கும் மனப்பாடம். மூன்று வசனம் முன்னால், மாதவிலக்கில் இருக்கும் மனைவியோடு சேரக் கூடாது என்று இருக்கிறது. அதை மேடையில் யாரும் எடுப்பதில்லை. அதே அதிகாரத்திலிருந்து, நம்மூருக்கு ரொம்ப நெருக்கமான இன்னொரு வசனத்தைச் சொல்கிறேன். மனைவி உயிரோடு இருக்கையில் அவள் சகோதரியையும் கட்டக் கூடாது என்கிறது 18-ஆம் வசனம். மனைவி செத்த பிறகு? நம்மூரில் அதற்கு யோசனையே கிடையாது. தாயில்லாப் பிள்ளைகளைச் சித்தியை விட யார் நன்றாகப் பார்ப்பார்கள் என்று கொழுந்தியாளையே கட்டிவைப்பார்கள். இங்கிலாந்தில் கதை வேறு. லேவியராகமத்து உறவுமுறைத் தடைகளை விரித்துப் பொருள்கொண்டு, இறந்த மனைவியின் சகோதரியைக் கட்டுவதைச் சபை தடுத்திருந்தது. 1835-ல் வந்த சட்டம் அப்படிப்பட்ட கல்யாணம் செல்லவே செல்லாது என்றது. எழுபது வருஷம் பாராளுமன்றத்தில் இழுபறி. 1907-ல்தான் தடை நீங்கியது. அப்போதும் பிஷப்மார் பலர் வேதம் கவிழ்ந்துவிடும் என்று எதிர்த்தார்கள். இன்று அந்தத் தடையை நினைத்துப் பார்க்க ஆளில்லை.

இதனால் 22-ஆம் வசனமும் தானாகக் காலாவதியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. சிலர் அவசரப்பட்டு அந்த முடிவுக்குத் தாவுகிறார்கள். மரபுவழி நிற்பவர்கள் சரியான இடத்தில்தான் மறிக்கிறார்கள். அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் இருப்பவை பிறன்மனை சேர்வது, பிள்ளையை மோளேகுக்குப் பலியிடுவது, மிருகத்தோடு சேர்வது. இவை மூன்றும் சடங்கா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர்களுடைய வாதம் இந்த ஒரு வசனத்தில் நிற்கிறதும் இல்லை. ஆதியாகமத்தில் ஆணும் பெண்ணுமாகப் படைப்பு, மத்தேயு 19-ல் இயேசு அதையே எடுத்துச் சொல்வது, கல்யாணத்தைக் கிறிஸ்துவுக்கும் சபைக்கும் உள்ள உறவின் அடையாளமாகப் பவுல் காட்டுவது, இரண்டாயிரம் வருஷம் கிழக்கும் மேற்கும் மாறாமல் போதித்தது, எல்லாம் சேர்ந்த வாதம் அது. அமெரிக்க அறிஞர் ராபர்ட் காக்னன் 2001-ல் இதை ஒரு தடித்த புத்தகமாகவே எழுதினார். வெறுப்பில் பேசுகிறார்கள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாத வாதம்.

மறுபக்கத்தைத் தொடங்கிவைத்தவர் வேதத்தை விட்டுப்போன ஆள் இல்லை, ஆங்கிலிக்கன் குருவானவர் ஒருவர். டெரிக் ஷெர்வின் பெய்லி 1955-ல் எழுதிய நூல், சோதோமின் பாவம் என்ன என்று கேட்டது. ஓய்வுநாள் பாடசாலையில் படித்த பிள்ளைகளுக்கு சோதோம் என்றால் அக்கினியும் கந்தகமும் உப்புத்தூணும்தான். எசேக்கியேல் 16-ஆம் அதிகாரமோ, சோதோமின் அக்கிரமம் பெருமையும் வயிறு நிறைந்த திமிரும் ஏழைக்குக் கை கொடுக்காததும் என்கிறது. லோத்தின் வாசலில் வந்து நின்ற கும்பல் விருந்தாளிகளைப் பலாத்காரம் செய்ய வந்த கும்பல். நியாயாதிபதிகள் 19-ல் அதே மாதிரிக் கும்பல் ஒரு பெண்ணைச் சாகடிக்கிறது. விருந்தாளியைக் கைவிடுவதன் கொடுமை தமிழனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் யூதாவின் நிருபம் சோதோமின் பாவத்தில் விபசாரத்தையும் சேர்க்கிறது என்பதைப் பெய்லி பக்கத்தார் சற்று வேகமாகக் கடந்துபோவார்கள்.

பவுலின் வசனங்கள்தான் கடினமானவை. ரோமர் முதல் அதிகாரம் ஆண்களோடு பெண்களையும் சேர்த்துப் பேசுகிறது. சுபாவத்துக்கு விரோதம் என்கிறது. ரோமாபுரியில் எஜமான் அடிமைப் பையன்களை அனுபவித்த வழக்கத்தையும் விக்கிரகக் கோயில்களையும் மனதில் வைத்து எழுதியது என்பார்கள் ஒரு சாரார். சுபாவத்துக்கு விரோதமாகத் தேவனே காட்டொலிவக் கிளையை நல்ல மரத்தில் ஒட்டுவைத்தார் என்று அதே நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுவதையும் எடுத்துக்காட்டுவார்கள். படைப்பைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசிவிட்டுத் தொடங்குகிறவர் அடிமை வழக்கத்தை மட்டுமா சொல்வார் என்பார்கள் மற்றவர்கள். என் வாசிப்பில், பவுலின் காலத்து மனிதர் இதை அங்கீகரித்திருப்பார் என்று காட்ட யாராலும் முடியவில்லை. ஒருவரோடு ஒருவர் உண்மையாக ஆயுள் முழுக்க வாழ நினைக்கும் இரண்டு பேர் அவர் கண் முன்னால் இருந்தார்கள் என்றும் காட்ட முடியவில்லை. முதல் கொரிந்தியர் 6-ஆம் அதிகாரத்தில் வருகிற இரண்டு கிரேக்கச் சொற்களைப் பற்றிய சண்டை தனிக் கடல். அதில் இப்போது இறங்க வேண்டாம்.

நெல்லைக்கு வருவோம். இங்கே இந்த விவாதம் வசனத்தில் தொடங்குவதில்லை. ஓலையில் தொடங்குகிறது. ஞாயிறு ஆராதனையில் ஐயர் கல்யாண ஓலை வாசிக்கும் நேரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதுவரை விசிறிக்கொண்டும் பிள்ளையை அதட்டிக்கொண்டும் இருந்த கோயில் சட்டென்று அமைதியாகிவிடும். மாப்பிள்ளை பெயர், தகப்பனார் பெயர், எந்தச் சேகரம். பெண் பெயர், தகப்பனார் பெயர், எந்தச் சேகரம். தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கேட்பார்கள். யாரும் சொன்னதாக நினைவில்லை. ஆனால் பெண்கள் பக்கத்தில் அந்த இரண்டு நிமிஷத்துக்குள் இரண்டு குடும்பத்தின் சரித்திரமும் கிசுகிசுப்பில் வாசித்து முடிந்திருக்கும். முப்பது வயதாகியும் பெயர் ஓலையில் வராத பையனைப் பற்றிய பேச்சு அசனச் சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் வரும். அவன் வீட்டில் உண்மையைச் சொன்னால் அம்மாவின் வாயில் முதலில் வருவது லேவியராகமம் இல்லை: "என்னல சொல்லுத? வெளிய சொல்லிராத. உன் தங்கச்சிக்கு ஓலை வாசிக்கணும்லா?" வசனம் அப்புறம்தான் வரும், பயத்துக்குத் துணையாக.

இந்தச் சபை கல்யாண விஷயத்தில் கண்டிப்பானது என்பது நேற்று வந்த வழக்கமல்ல. அதன் தொடக்கமே அப்படித்தான். பாளையங்கோட்டையில் லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்த பிராமண விதவை கோகிலா ஞானஸ்நானம் கேட்டபோது, மணமாகாமல் வாழ்கிறாய் என்று சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். லிட்டில்டன் இறந்தபின் 1778-ல்தான் கொடுத்தார். கிளாரிந்தா ஆன அந்த அம்மாள் காத்திருந்த வருஷங்களிலும் தனக்குத் தெரிந்த விசுவாசத்தைப் பிறருக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். 1780-ல் எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். அதில் தலைமையான பெயர் அவருடையது. 1785-ல் அவர் எழுப்பிய கோயில் இன்றும் இருக்கிறது. மரபுவழிக்காரர் இதைக் காட்டி, பார், உறவு முடிந்த பிறகுதானே ஞானஸ்நானம் என்பார். மற்றவர், சபை வாசலுக்கு வெளியே நிறுத்திய பெண்தானே சபையையே கட்டினாள் என்பார். இரண்டும் உண்மை.

வாசிப்பு மாறிய இடங்களும் நம் கண் முன்னால் இருக்கின்றன. பெண்கள் சபையில் பேசாதிருக்கக்கடவர்கள் என்ற பவுலின் கட்டளை 22-ஆம் வசனத்தைவிடத் தெளிவாகவே இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை 1976-ல் எலிசபெத் பாலைக் குருவாக அபிஷேகம் செய்தது. 2013-ல் நந்தியாலில் புஷ்ப லலிதா பிஷப் ஆனார். அந்தக் கட்டளையை யாரும் வேதத்திலிருந்து கிழித்துவிடவில்லை. கொரிந்து சபையின் சூழ்நிலைக்குச் சொன்னது என்று வாசித்தார்கள். வாசிப்பதே தவறு என்றால் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அந்த வாசிப்பு இந்தக் காரியத்துக்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி. பெண் குருத்துவத்துக்கு ஆதரவாகத் தெபொராளும் பெபேயாளும் பிரிஸ்கில்லாளும் வேதத்துக்குள்ளேயே நிற்கிறார்கள், இங்கே அப்படி யாரும் இல்லை என்று மறுப்பவர்கள் உண்டு. அந்த மறுப்பையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள் என்பதுதான் என் வழக்கு. தாமிரபரணிக் கரையில் இதைப் பற்றி நடப்பது விவாதம் அல்ல, மௌனம்.

உலகச் சபையில் மௌனம் கலைந்து வெகு காலமாகிவிட்டது. தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் முழு உறுப்பு. அந்த ஐக்கியத்தின் பிஷப்மார் 1998-ல் லாம்பெத் மாநாட்டில் தன்பாலுறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்று 526-க்கு 70 வாக்கில் தீர்மானித்தார்கள். ஐந்து வருஷத்தில் அமெரிக்காவில், தன்பாலீர்ப்பை மறைக்காத ஜீன் ராபின்சன் பிஷப் ஆனார். 2008-ல் எதிர்ப்பாளர்கள் ஜெருசலேமில் தனியே கூடினார்கள். நம் சபைக்கு இன்னொரு வேர் தந்த பிரிட்டிஷ் மெதடிஸ்டுகள் 2021-ல் தன்பால் திருமணத்தை அனுமதித்தார்கள். ரோமையில், 2023 டிசம்பரில், கல்யாணத்தைப் பற்றிய போதனை மாறாது, ஆனால் அப்படி வாழ்கிற இருவர் கேட்டால் குருவானவர் வழிபாட்டுச் சடங்கில்லாமல் ஆசீர்வதிக்கலாம் என்று அறிக்கை வந்தது. ஆப்பிரிக்க ஆயர்கள் பலர் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தியாவில் சண்டை நீதிமன்றத்தில் நடந்தது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு 1860-ல் ஆங்கிலேயர் எழுதிய சட்டம். இங்கிலாந்தில் அதன் மூலச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று 1950-களில் முதலில் பேசியவர்களில் அந்த நாட்டுத் திருச்சபையும் உண்டு. பாவம் வேறு, குற்றம் வேறு என்றார்கள். 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இங்கே அந்தப் பிரிவைத் தளர்த்தியபோது, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் அப்போஸ்தல சபைகளின் கூட்டமைப்பும் உத்கல் கிறிஸ்தவக் கவுன்சிலும் இருந்தன. 2013-ல் பிரிவு உயிர்பெற்றது. அந்த டிசம்பரில் மும்பைக் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ், தன்பால் திருமணத்தைத் திருச்சபை ஏற்காது, ஆனால் இவர்களைக் குற்றவாளிகளாக அது ஒருபோதும் கருதியதில்லை என்று தெளிவாகச் சொன்னார். 2018 செப்டம்பர் 6-ல் பிரிவு மறுபடி விழுந்தது. 2023 அக்டோபர் 17-ல் திருமண உரிமை கேட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆகவே, இரண்டு ஆண்களின் ஓலையை எங்கே வாசிக்கச் சொல்வார்களோ என்ற பதற்றம் எந்த ஐயருக்கும் இப்போது தேவையில்லை.

அவசரமான காரியம் வேறு. ஒருவரையொருவர் நேசித்த மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டுக்குப் பயந்து சென்னைக்கு ஓடிய வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பற்றித் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். 2021 ஜூன் 7-ல், தன்பாலீர்ப்பு உள்ளவர்களை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்தார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் செய்வது மருத்துவருக்குத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. ஜெப வீடுகளுக்கு அந்த ஆணையம் கிடையாது. அங்கே உபவாசம், தலையில் எண்ணெய், இது பிசாசின் பிடி என்ற கூச்சல். பிள்ளை "சுகமாகிவிட்டேன்" என்று சொல்லும்வரை விடமாட்டார்கள். சொன்னதும் சாட்சி சொல்ல மேடையேற்றுவார்கள். அடுத்த மாதமே பெண் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இதில் ஏமாறப்போகும் அந்தப் பெண்ணை யாரும் நினைப்பதில்லை. லேவியராகமத்தை எந்த முறையில் வாசித்தாலும் இதற்கு அதில் இடமில்லை.

லாம்பெத் தீர்மானத்தைத் தங்கள் பக்கத்துக்கு எடுத்துக்காட்டுகிறவர்கள் அதன் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். தன்பாலீர்ப்பு உள்ளவர்களின் அனுபவத்தைக் காதுகொடுத்துக் கேட்போம், அவர்கள்மீதான அர்த்தமற்ற பயத்தைக் கண்டிக்கிறோம் என்றும் அதே தீர்மானம் சொல்கிறது. திருநெல்வேலித் திருமண்டலமும் 2003-ல் அதிலிருந்து பிரிந்த தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலமும் போதனையில் ஒரு எழுத்தையும் மாற்றாமலே இந்தப் பகுதியைச் செயல்படுத்தலாம். சேகரத்துக்கு ஒரு ஐயரையோ ஐயரம்மாவையோ இதற்கென்று பயிற்சி கொடுத்து வைக்கட்டும். வீட்டில் சொல்ல முடியாததை ஒரு பிள்ளை அவர்களிடம் வந்து சொன்னால், அது பெற்றோருக்கும் கமிட்டிக்கும் போகாது என்ற உத்தரவாதத்தை இரண்டு பிஷப்மாரும் எழுத்தில் தர வேண்டும்.